பந்தியில் உங்களுக்கும் இடம் உண்டு

வேதபகுதி: 2 சாமுவேல் 4:4, 9:1-13

"இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" "வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன்." "எனக்குச் செலவழிக்கும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள்." மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் இவ்வார்த்தைகளைக் கேளாத வாரமில்லை. சொல்பவர் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த ஆசிரியராக இருக்கலாம்; சர்க்கரை நோயினால் கால் அகற்றப்பட்ட லாரி ஓட்டுநராக இருக்கலாம்; மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இளந்தாயாக இருக்கலாம்; வாரந்தோறும் டயாலிசிஸ் அறைக்கு வந்துபோகும் முதியவராக இருக்கலாம். நோய்கள் வேறு வேறு, வார்த்தை ஒன்றே.

'நான் மதிப்பற்றவன்', 'நான் மதிப்பற்றவள்' என்று உள்ளத்தில் ஊன்றிவிட்ட இந்த எண்ணத்தைத் தாழ்வு மனப்பான்மை என்கிறோம். இதனைத் தாழ்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தாழ்மையுள்ளவர் தம்மைத் தெளிந்த புத்தியோடு அளந்தறிந்து, பிறருடைய நன்மையை நாடுகிறார். தாழ்வு மனப்பான்மையால் வருந்துகிறவரோ, விழித்த நேரமெல்லாம் தம் குறையையே உற்றுநோக்கிக்கொண்டிருக்கிறார். முன்னது வளர்க்க வேண்டிய நற்குணம். பின்னது ஆற்ற வேண்டிய காயம். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இக்காயமே பக்தியின் அடையாளமாக எண்ணப்பட்டு, சிகிச்சையின்றி விடப்படுவதையும் காண்கிறோம்.

இந்த இதழின் பாடத்தில், வேதாகமத்தில் அதிகம் பேசப்படாத ஒரு மனிதரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இக்காயத்தைப் பற்றிச் சிந்திப்போம். வேறு சமயத்தைச் சார்ந்த அன்பர்களும் இதில் தங்களுக்குரிய ஆறுதலைக் கண்டடையலாம் என்று நம்புகிறோம்.

1. நோய் எவ்வாறு மதிப்பைத் தொடுகிறது?

பெரும்பாலோர் தங்கள் மதிப்பைச் சில தூண்களின்மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம். செய்யும் தொழில் ஒரு தூண். உடலின் தோற்றம் மற்றொன்று. பிறர் கையை எதிர்பாராமல் குளிக்கவும் உடுத்தவும் கழிவறைக்குச் செல்லவும் இயல்வது மூன்றாவது. வீட்டில் முடிவெடுக்கும் இடம் நான்காவது. கடும் நோயோ விபத்தோ வரும்போது இந்நான்கும் ஒரே வாரத்தில் சாய்ந்துவிடக்கூடும். நேற்றுவரை குடும்பத்தின் வரவுசெலவைக் கவனித்தவரின் தலைமாட்டில் நின்று, அவர் அங்கு இல்லாததுபோலவே உறவினர் அவரைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். உடல் நோயோடு இந்த அவமதிப்பும் சேரும்போது, 'நான் குறைந்துபோனேன்' என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது.

இத்தீர்ப்பு மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடலையும் தொடுகிறது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர், அரை மணி நேரத்துக்குள் ஒரு முறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தத்தைக் குறைக்கவோ வேண்டும். இல்லையேல் உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப் புண் உண்டாகும். 'இந்த உடம்பைக் காத்து என்ன ஆகப்போகிறது?' என்று எண்ணுகிறவர் அதனைச் செய்யமாட்டார். புண் ஆழமாகும், நோய்த்தொற்று எலும்புவரை பரவும், உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வாறே, தம்மைப் பாரமென்று எண்ணுகிற சர்க்கரை நோயாளி, காலிலுள்ள புண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைக்கிறார். ஆகவே, தாழ்வு மனப்பான்மையை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே நாங்கள் கருதுகிறோம்.

பக்கவாத நோயாளிகளிடம் காணும் ஓர் உண்மை இங்கு நமக்கு உதவும். பலவீனமான கையால் ஒரு பொருளை எடுக்க முயன்று தோற்றவர், மெல்ல மெல்ல அக்கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறார். பயன்படுத்தாமையால் கை மேலும் பலவீனமாகிறது. மூளையும் அதனைப் புறக்கணிக்கப் பழகிக்கொள்கிறது. சிறிது வலிமை எஞ்சியிருந்தும் கை மடியிலேயே கிடக்கிறது. ஆகையால்தான் இயன்முறைச் சிகிச்சையில் நல்ல கைக்கு ஓய்வு கொடுத்துப் பலவீனமான கையை வேலை வாங்கும் பயிற்சிகளும் உண்டு. தன்மதிப்பும் இவ்வாறே நலிகிறது. 'என்னால் ஆகாது' என்று ஒதுங்குகிறோம். ஒதுங்குவதால் செய்வதற்கு எதுவும் இல்லாமற்போகிறது. அதனையே 'நான் பயனற்றவன்' என்பதற்குச் சான்றாகக் கொள்கிறோம். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

2. மேவிபோசேத்தின் வரலாறு

இஸ்ரவேலின் முதல் அரசனான சவுலும், அவன் மகன் யோனத்தானும் போரில் மடிந்தனர். அச்செய்தி அரண்மனைக்கு வந்தபோது யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு 5 வயது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேருமென்று அஞ்சிய தாதி, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் குழந்தை விழுந்தான். இரு கால்களும் முடமாயின. ஒரே நாளில் தந்தை, பாட்டன், அரண்மனை, நடக்கும் ஆற்றல் ஆகிய அனைத்தையும் இழந்த சிறுவன் அவன்.

ஆண்டுகள் சென்றன. தாவீது அரசரானார். மேவிபோசேத் வளர்ந்து, மீகா என்னும் மகனுக்குத் தந்தையுமாகி, லோதேபார் என்னும் ஊரில் மாகீர் என்பவரின் வீட்டில் வாழ்ந்துவந்தார். முந்தைய அரச குடும்பத்தில் எஞ்சியிருப்போரைப் புதிய அரசர்கள் அழித்துவிடுவது அக்கால வழக்கம். ஆனால் தாவீதுக்கும் யோனத்தானுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. அதனை நினைவுகூர்ந்த தாவீது, யோனத்தானை முன்னிட்டுத் தாம் தயவு காட்டத்தக்கவர் எவரேனும் சவுலின் வீட்டில் மீந்திருக்கின்றனரா என்று விசாரித்தார்.

சவுலின் வேலைக்காரனாகிய சீபா, யோனத்தானுக்கு இரு கால்களும் முடமான ஒரு மகன் உண்டென்று அறிவித்தான். அரசர் ஆளனுப்பி அவரை அழைத்துவந்தார். அவர் முகங்குப்புற விழுந்து வணங்கினார். பயப்பட வேண்டாமென்றும், பாட்டனாருடைய நிலங்களையெல்லாம் திரும்பத் தருவதாகவும், நாள்தோறும் தம்முடைய பந்தியில் உணவருந்தலாம் என்றும் தாவீது கூறினார். மேவிபோசேத்தோ, தம்மைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டு, இத்தகைய ஒருவனை அரசர் நோக்கிப்பார்ப்பதேன் என்று கேட்டார்.

தன்னைப் பற்றி ஒரு மனிதர் சொல்லக்கூடியவற்றுள் இதைவிடத் தாழ்ந்த சொல் இருக்க முடியுமா? நாய் இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. அதுவும் உயிரற்ற நாய். எங்கள் பிரிவில் கேட்கும் 'நான் வீட்டுக்குப் பாரம்' என்னும் சொல்லின் பழைய வடிவமே இது.

3. அரசர் செய்தவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் நான்கு உண்மைகளைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, அரசர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். சீபா சொன்னதைக் கவனியுங்கள். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஊனத்தையே அடையாளமாகச் சொன்னான். தாவீதின் வாயிலிருந்து முதலில் வந்ததோ 'மேவிபோசேத்' என்னும் பெயர். மருத்துவமனைகளில் '12ஆம் படுக்கை', 'ஸ்ட்ரோக் கேஸ்' என்று சொல்லும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். வீடுகளிலும் 'படுத்திருப்பவருக்குக் கஞ்சி கொடுத்தாயிற்றா?' என்று கேட்கும் நிலை வந்துவிடுகிறது. 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தி, கூட்டத்தில் மறைந்துவந்து இயேசுவின் ஆடையைத் தொட்ட பெண்ணை அவர் 'மகளே' என்றழைத்தார் (மாற்கு 5:25-34). நோயின் பெயரை அகற்றி, உறவின் பெயரை அவளுக்குக் கொடுத்தார். நம் மீட்பு அங்குதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அவருடைய மதிப்பு அவருடைய கால்களைச் சார்ந்திருக்கவில்லை. 'நீ நடந்து காட்டினால் பந்தியில் இடம் தருவேன்' என்று தாவீது கூறவில்லை. 'என்ன வேலை தெரியும்?' என்று வினவவுமில்லை. மேவிபோசேத் பிறப்பதற்கு முன்னரே தாவீதும் யோனத்தானும் செய்துகொண்ட உடன்படிக்கையே காரணம். கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமும் இதுவே. மனிதர் தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்று வேதாகமத்தின் முதல் அதிகாரம் உரைக்கும்போது, இன்ன வேலை செய்யும்வரை என்றோ, இன்ன உறுப்புகள் இருக்கும்வரை என்றோ நிபந்தனை எதுவும் இடவில்லை (ஆதியாகமம் 1:27). நாம் தகுதியற்றிருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார் (ரோமர் 5:8). நம் உழைப்பால் வராத மதிப்பு, உழைக்க இயலாதபோது நம்மைவிட்டுப் போவதில்லை.

மூன்றாவது, 'செத்த நாய்' என்னும் சொல்லோடு அரசர் வாதாடவில்லை. 'சீச்சீ, அப்படிச் சொல்லாதே' என்று அதட்டவுமில்லை. உடனே சீபாவை அழைத்து, அவனும் அவனுடைய 15 மகன்களும் 20 வேலைக்காரர்களும் மேவிபோசேத்துக்காக நிலத்தை உழுது விளைச்சலைக் கொண்டுவர வேண்டுமென்று ஏற்பாடு செய்தார். அன்றாடம் அமர ஓர் இடமும், அவருக்கே உரிய நிலமும், உதவிக்கு ஆட்களும் கிடைத்தன. தாழ்வு மனப்பான்மையை வாதத்தால் வெல்வது அரிது. நாள்தோறும் கிடைக்கும் ஓர் இடம் அதனை மெல்ல மெல்ல வெல்கிறது.

நான்காவது உண்மையே எங்கள் நோயாளிகளுக்கு மிகவும் தேவையானது. இவ்வதிகாரம் எவ்வாறு முடிகிறது என்று பாருங்கள். மேவிபோசேத் எருசலேமில் குடியிருந்து அரசரின் பந்தியில் நாள்தோறும் உணவருந்திவந்தார் என்று கூறிவிட்டு, அவருக்கு இரு கால்களும் முடமாயிருந்தன என்பதை அதே வசனம் மீண்டும் நினைவூட்டுகிறது. கால்கள் குணமாகவில்லை, குணமாகாத கால்களோடேயே அவர் அரச பந்தியில் அமர்ந்திருந்தார். பந்தியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கால்கள் மேசைக்கடியில் மறைந்துவிடுகின்றன. அங்கே அரசகுமாரரும் மேவிபோசேத்தும் ஒரே உயரம்.

4. "உன் விசுவாசம் போதவில்லை" என்போருக்கு

நோயாளியைப் பார்க்க வருவோரில் சிலர், 'ஏதோ பாவம் இருக்கிறது. அறிக்கையிடு', 'விசுவாசம் போதவில்லை. அதனால்தான் சுகம் வரவில்லை' என்று சொல்லிச் செல்கின்றனர். ஏற்கெனவே காயப்பட்டிருக்கும் மனத்தில் அவர்கள் இன்னொரு காயத்தை உண்டாக்குகின்றனர். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவம் செய்தானோ, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களோ என்று கேட்டபோது, இருவருமே காரணமல்ல என்று இயேசு தெளிவாக மறுத்தார் (யோவான் 9:1-3). பவுல் தம் உடலிலிருந்த முள் நீங்கும்படி மும்முறை மன்றாடினார், அது நீக்கப்படவில்லை, ஆயினும் தாங்கும் கிருபை அருளப்பட்டது (2 கொரிந்தியர் 12:7-10). பவுலின் விசுவாசம் குறைவுபட்டது என்று எவரும் சொல்லத் துணியார். சுகத்துக்காக ஜெபிப்போம், சிகிச்சையையும் தொடர்வோம். சுகம் வந்தால்தான் நமக்கு மதிப்பு என்று மட்டும் எண்ணாதிருப்போம்.

5. வேலூரில் வாழ்ந்த ஒரு சாட்சி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நாள் முழுவதும் நின்று பணிபுரியும் மருத்துவர் ஒருவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப்பாருங்கள்.

அதே மருத்துவமனையில் அக்காலத்தில் பால் பிராண்ட் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர் பணியாற்றினார். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரி குடும்பத்தில் 1914இல் பிறந்தவர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்கச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் முன்னோடி. கை அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். அவ்வழியே மேரி வர்கீஸ் மீண்டும் அறுவை அரங்கினுள் வந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார். நடக்க இயலாத மருத்துவரும், பிடிக்க இயலாத கைகளைக் கொண்ட நோயாளியும் அங்கே எதிரெதிரே அமர்ந்தனர். ஊரார் தொட அஞ்சிய அக்கைகளை அவர் தம் கைகளில் ஏந்தினார்.

பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் உடையுடுத்தவும், நாற்காலிக்கு மாறவும், தொழில் பழகவும் அங்கு கற்றுக்கொண்டனர். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார். இறுதிவரை அவருடைய கால்கள் நடக்கவில்லை. மேவிபோசேத்தைப் போலவே, குணமாகாத கால்களோடு அவர் தமக்குரிய இடத்தில் அமர்ந்திருந்தார்.

அவரைப்போல் எல்லோரும் பெருஞ்செயல் செய்ய வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அவ்வாறு எதிர்பார்ப்பது இன்னொரு சுமையாகிவிடும். அவருக்குக் கிடைத்த நாற்காலியும், அவரை அறுவை அரங்கினுள் வரவேற்ற மனிதர்களும் இங்கு கவனிக்கத்தக்கவை. பேரனுக்கு வாய்ப்பாடு கேட்டுத் திருத்தும் தாத்தாவுக்கும் அத்தகைய ஓர் இடம் உண்டு.

6. மருத்துவரை நாட வேண்டிய வேளை

தாழ்வு மனப்பான்மை சில வேளைகளில் மனச்சோர்வு நோயின் ஓர் அறிகுறியாக இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் துக்கம் அல்லது எதிலும் விருப்பமின்மை, உறக்கக் குறைவு அல்லது மிகுதி, பசியின்மை, காரணமற்ற குற்றவுணர்வு, எதிலும் மனம் ஒன்றாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பக்கவாதம், மாரடைப்பு, புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் இந்நோய் பலருக்கு வருகிறது. இதற்கு ஆலோசனைச் சிகிச்சையும் மருந்துகளும் உண்டு. மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நடுவில் தாமாக நிறுத்தக் கூடாது.

மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. எலியா தீர்க்கதரிசி பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார் (1 இராஜாக்கள் 19:4-8). அவருக்கு அப்பொழுது கண்டிப்பு வரவில்லை. உறங்கினார். தூதன் அவரைத் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மீண்டும் உறங்கினார், மீண்டும் உண்டார். அடுத்த பணியைப் பற்றிய பேச்சு அதன்பின்னரே எழுந்தது. உடலின் தேவை முதலில் கவனிக்கப்பட்டது. உறக்கத்தையும் உணவையும் மருந்தையும் கடவுளின் ஈவாகவே ஏற்றுக்கொள்ளலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு எழுந்தாலோ, உங்கள் பராமரிப்பிலுள்ளவர் அவ்வாறு பேசினாலோ, அவரைத் தனியே விடாமல் உடனடியாக வார்டு செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவியுங்கள். வீட்டில் இருப்போர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலோ, தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணிலோ இலவசமாகப் பேசலாம். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்ற அச்சம் தேவையில்லை. அன்போடு கேட்டால் பலர் மனம்விட்டுப் பேசுகின்றனர்.

7. இந்த வாரம் செய்யத்தக்கவை

நோயாளிகளுக்கு:

காலையில் எழுந்தவுடன் உங்கள் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லி, 'ஆண்டவரே, இது உம்முடைய பிள்ளையின் பெயர்' என்று கூறுங்கள். மனத்தில் எழும் தாழ்வான எண்ணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். 'பாரம்' என்று எழுதியிருந்தால், அதனருகே 'என் நண்பர் இதே நிலையில் இருந்தால் அவரிடம் இச்சொல்லைச் சொல்வேனா?' என்று எழுதி, விடையையும் எழுதுங்கள். நண்பருக்குச் சொல்லத் தகாதது உங்களுக்கும் தகாது.

நாளொன்றுக்கு ஒரு சிறு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, மின்கட்டணத் தேதியை நினைவூட்டுவது, ஒரே ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது என எதுவாகவும் இருக்கலாம். மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யும்போது, 'அரசர் பந்திக்கு அழைத்த உடம்பு இது' என்று எண்ணிக்கொண்டு செய்யுங்கள். புண், வலி, கசிவு எதையும் மறைக்காதீர்கள்.

பராமரிப்போருக்கு:

உங்கள் வீட்டில் உள்ளவரைப் பெயராலோ உறவுமுறையாலோ அழையுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அவரையே முதலில் விடை சொல்ல விடுங்கள். பேச்சு தடுமாறினால் காத்திருங்கள். இயன்றவரை குடும்பத்தோடு சேர்ந்து உண்ண வையுங்கள். தட்டைத் தனியறைக்கு அனுப்புவது வசதியாக இருக்கலாம். ஆயினும் வாரத்தில் சில வேளைகளேனும் கட்டிலருகே பாயை விரித்து அனைவரும் அங்கே உண்ணலாம். தாமே செய்யக்கூடியதை, தாமதமானாலும், அவரே செய்யட்டும்.

இறுதியாக, அந்தத் தாதியை மறவாதீர்கள். அவள் ஓடியது குழந்தையைக் காப்பாற்றவே. அவள் கையிலிருந்து அவன் விழுந்தான். ஆனால் வேதாகமம் அவள்மேல் ஒரு பழிச்சொல்லும் கூறவில்லை. 'இன்னும் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கலாமே', 'அன்று நான் அருகில் இருந்திருக்கலாமே' என்று தம்மையே வருத்திக்கொள்ளும் மனைவிமாரையும் பிள்ளைகளையும் நாங்கள் அறிவோம். அன்புடனும் அவசரத்துடனும் நீங்கள் செய்ததைக் கடவுள் அறிந்திருக்கிறார். பந்தியில் உங்களுக்கும் இடம் உண்டு. உங்கள் உறக்கத்தையும், உங்கள் இரத்த அழுத்த மாத்திரையையும், வாரத்தில் ஒரு மாலை வேளையையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கவனித்துக்கொள்ள உறவினர் ஒருவரையோ திருச்சபையாரையோ கேட்பதற்குத் தயங்காதீர்கள். தாவீதும் சீபாவின் முழுக் குடும்பத்தையும் இப்பணிக்கு அமர்த்தினார். ஒருவர் தோளில் அனைத்தையும் சுமத்தவில்லை.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. என் மதிப்பை இதுவரை எந்தத் தூணின்மேல் நிறுத்தியிருந்தேன்? இந்நோய் அதனை எவ்வாறு அசைத்தது?

2. சீபாவைப் போல் என் குறையைக் கொண்டே என்னை நான் அறிமுகப்படுத்திக்கொள்கிறேனா?

3. எங்கள் வீட்டில் 'பந்தியின் இடம்' என்பது எது? நோயுற்றவருக்கு அது இன்னும் இருக்கிறதா?

4. உதவி கேட்பதற்கு என்னைத் தடுப்பது எது? இந்த வாரம் யாரிடம் கேட்கலாம்?

இக்கேள்விகளைத் தனியாகவோ, மாலை ஜெபவேளையில் குடும்பமாகவோ சிந்திக்கலாம். பேசிக்கொள்ள ஒருவர் வேண்டுமென்று தோன்றினால், வார்டு செவிலியரிடம் சொல்லுங்கள். மருத்துவமனை போதகரையோ ஆலோசகரையோ உங்கள் கட்டிலருகே வரச்செய்வார்.

ஜெபம்

எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, எங்கள் கைகளும் கால்களும் தளர்ந்திருக்கும் இந்நாட்களில், எங்களைக் குறித்து நாங்களே சொல்லிக்கொள்ளும் கடுஞ்சொற்களிலிருந்து எங்களை விடுவியும். சுகத்தைக் கேட்கிறோம், சுகம் தாமதித்தாலும் உம் பந்தியைவிட்டு எழுந்து போகாதிருக்க அருள்புரியும். எங்களைச் சுமக்கிறவர்களுக்குப் பெலனையும் இளைப்பாறுதலையும் தாரும். எங்களைவிடத் தனித்திருக்கும் ஒருவருக்கு எங்கள் அருகில் இடம் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.